செத்தவர்கள் நடக்கிறார்கள், எனக்குத் தூக்கம் வருகிறது

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

 

என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான், ஒரு அமெரிக்க டிவி தொடரைப் பற்றிப் பேசுகிறேன், செத்தவர்கள் எழுந்து நடக்கிற கதை என்று சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தம்பி கேட்டார்: "நம்ம தெருவுல இத்தனை நடக்குது, நீங்க அமெரிக்காக்காரன் பேய்க்கதையைப் பேசப் போறீங்களாண்ணே?"

நியாயமான கேள்வி. என்னிடம் இருக்கிற பதில் ஒன்றுதான். 'தி வாக்கிங் டெட்' என்கிற அந்தத் தொடரில் நான் 84 எபிசோட் பார்த்திருக்கிறேன். ஒன்று முக்கால் மணி நேரம் என்று வையுங்கள், 63 மணி நேரம். வங்கியில் வேலை பார்க்கிறவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 2010லிருந்து 2016 வரை, கல்லூரி விடுதியில் தொடங்கி, வேலைக்குச் சேர்ந்து, ராத்திரி சோறு தின்னுட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு ஒருநாள் விட்டுப்போயிற்று. கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை, கொள்கை முடிவெடுத்தும் நிறுத்தவில்லை. பசி அடங்கின மாதிரி ஆர்வம் அடங்கிப்போச்சு. அது எப்படிப் போச்சு என்று யோசித்துப் பார்த்ததில் சில விஷயங்கள் கிடைத்தன. அவை நம்மையும் தொடுகிறவை என்று நினைப்பதால்தான் இங்கே நிற்கிறேன்.

இன்னொன்று. கறுப்பின மக்களின் கதை நமக்கு அந்நியக் கதை கிடையாது. 1946ல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972ல் பம்பாயில் நம் தோழர்கள் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டபோது, அந்தப் பெயர் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து வந்தது. ஜாம்பி கதையும் கறுப்பின மக்களின் கதைதான். அதை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனவர்கள் இந்த உண்மையைச் சொல்வதில்லை.

முதல் நாளைச் சொல்கிறேன். விடுதியில் ஒருவனிடம்தான் லேப்டாப். பென்டிரைவில் வந்தது. ஒரு கட்டிலில் ஆறு பேர். ரிக் கிரைம்ஸ் என்கிற போலீஸ்காரன், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் ஷெரீஃபுக்குத் துணை அதிகாரி, குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவன், கண் விழிக்கிறான். உலகம் முடிந்துவிட்டது. செத்தவர்கள் நடக்கிறார்கள். அவனை மோர்கன் என்கிற கறுப்பினத்தவர் தன் மகனோடு பதுங்கியிருக்கிற வீட்டில் காப்பாற்றுகிறார். மோர்கனின் மனைவி செத்து, எழுந்து, ராத்திரியானால் அந்த வீட்டு வாசலுக்கு வருகிறாள். கதவுக் குமிழைத் திருகிப் பார்க்கிறாள். உள்ளே பிள்ளை தலையணையில் முகம் புதைத்து அழுகிறான். மோர்கன் மறுநாள் மாடி ஜன்னலில் துப்பாக்கியோடு உட்கார்ந்து, குறி வைத்து, சுட முடியாமல் கையை இறக்குகிறார்.

அந்தக் கதவுக் குமிழுக்காகத்தான் நான் மீதி 83 எபிசோடையும் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்படியொரு காட்சி மறுபடி வரும் வரும் என்று காத்திருந்தேன்.

சரி, இந்த ஜாம்பி எங்கிருந்து வந்தது? ஹெய்தியிலிருந்து. பிரெஞ்சுக்காரர்கள் அதை சான் டொமாங் என்றார்கள். கரும்புத் தோட்டம், சர்க்கரை ஆலை, ஏறக்குறைய 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள். வெயிலிலும் ஆலைக் கொதிகலன் முன்னாலும் நின்று பலர் வந்த சில வருஷங்களிலேயே செத்தார்கள். செத்தவர்களுக்குப் பதிலாகக் கப்பலில் புது ஆட்களை வாங்கினார்கள். இருக்கிறவனைப் பிழைக்க வைப்பதைவிடப் புதுசா ஒருத்தனை வாங்குவது அவர்களுக்கு மலிவு. அந்த மக்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது: செத்தால் உயிர் கடல் தாண்டி கினேக்கு, தாய்மண்ணுக்குத் திரும்பிவிடும். ஆண்டை அங்கே வர முடியாது. சாவுதான் ஒரே வாசல். அதனால் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு.

ஜாம்பி என்பது அந்த வாசலும் அடைபட்டுப்போனவன். செத்த பிறகும் மந்திரவாதி ஒருவன் புதைகுழியிலிருந்து எழுப்பி, நினைவைப் பிடுங்கிக்கொண்டு, வயலில் வேலை வாங்குவான். கவனிக்க வேண்டியது இதுதான். ஹெய்தி மக்களுக்கு 'ஜாம்பி நம்மைக் கடித்துவிடும்' என்கிற பயம் கிடையாது. 'நாம ஜாம்பி ஆகிவிடுவோம்' என்பதுதான் பயம். அடிமை முறையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை என்பேன். எழுதப் படிக்க அனுமதிக்கப்படாதவர்கள் எழுதியது.

அதே மக்கள்தான் 1791ல் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று விடுதலை அறிவித்தார்கள். அடிமைகளே எழுந்து நாடு அமைத்த வரலாறு அது. அதற்குத் தண்டனை என்ன தெரியுமா? 1825ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்கள் தோட்டக்காரர்களுக்கு நட்ட ஈடாக 15 கோடி பிராங்க் கொடு என்றது. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். தன்னைத் தானே விலை கொடுத்து வாங்கச் சொன்ன மாதிரி. அதைக் கட்ட வாங்கிய கடனின் வால் 1947 வரை நீண்டது. நான் கடன் பிரிவில் சில வருஷம் இருந்தவன். செத்தவனின் பெயரில் வட்டி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தேசத்தையே அப்படி ஓட விட்டிருக்கிறார்கள்.

1915ல் அமெரிக்கப் படை ஹெய்திக்குள் இறங்கியது. 1934 வரை போகவில்லை. ரோடு போடுவதற்குக் கட்டாய வேலை முறையைத் திரும்பக் கொண்டுவந்து, மக்களைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போனார்கள். விடுதலை வாங்கி நூறு வருஷம் கழித்து மறுபடி வெட்டி வேலை! அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீப்ரூக் என்கிற அமெரிக்கர் 1929ல் வெளியிட்ட புத்தகம் வழியாகத்தான் ஜாம்பி அமெரிக்காவுக்குள் பரவலாக நுழைந்தது. அதில் அவர் கேட்டதாக எழுதியிருக்கிற ஒரு கதை உண்டு. 1918ல் அமெரிக்க-ஹெய்தி சர்க்கரைக் கம்பெனியின் கரும்பு வயலுக்கு ஒரு மேஸ்திரி ஆள் கூட்டி வருகிறான். அவர்கள் பேசுவதில்லை, நிமிர்ந்து பார்ப்பதில்லை. வெயிலில் மாடு மாதிரி வெட்டுகிறார்கள். எல்லாரும் செத்தவர்கள். அவர்கள் கூலியை மேஸ்திரி வாங்கிக்கொள்கிறான். அவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாட்டில் உப்பு மட்டும் சேர்க்கக் கூடாது.

ஒருநாள் மேஸ்திரியின் பெண்டாட்டி பரிதாபப்பட்டு, திருவிழாவில் விற்ற மிட்டாயை அவர்களுக்கு வாங்கித் தருகிறாள். கடலையில் உப்பு இருந்தது அவளுக்குத் தெரியாது. உப்பு நாக்கில் பட்டதும் அவர்களுக்குத் தாங்கள் செத்தவர்கள் என்பது தெரிந்துவிடுகிறது. ஓலமிட்டுக்கொண்டு சொந்த ஊர் மலையை நோக்கி நடக்கிறார்கள். யாராலும் தடுக்க முடியவில்லை. தங்கள் புதைகுழிக்குப் போய் மண்ணைக் கையால் தோண்டிப் படுத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்த ராத்திரி எனக்கு என் அம்மாயி குரல் கேட்டது. "உப்புப் போட்டுத்தானே சோறு திங்கிற?" சுரணை கெட்டவனைத் திட்டுகிற திட்டு. நம் ஊரில் எல்லாரும் திட்டுகிற திட்டுதான். ஆனால் நம்மிடம் இன்னொரு உப்பும் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை. அது ஆண்டை போடுகிற உப்பு. விசுவாசத்துக்குப் போட்ட பூட்டு. ஒரே உப்பு, ஒரு பக்கம் சுரணை, ஒரு பக்கம் அடிமைச் சாசனம். ஹெய்தியின் தோட்டத்து ஆண்டை கெட்டிக்காரன், உப்பே போடாமல் விட்டான். நம் ஊர் ஆண்டை அவனைவிடக் கெட்டிக்காரன், உப்பைப் போட்டுவிட்டு அதற்குப் பழமொழியும் போட்டான்.

சரி, கதைக்கு வருகிறேன். 1932ல் ஹாலிவுட்டில் முதல் ஜாம்பி படம். அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள், 'வெள்ளை ஜாம்பி'. சர்க்கரை ஆலையில் செத்தவர்கள் செக்கைச் சுற்றித் தள்ளுகிறார்கள். ஒருவன் உள்ளே விழுந்து அரைபடுகிறான். மற்றவர்கள் நிற்கவில்லை, தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு நிமிஷக் காட்சி. அதைப் பார்த்துக் கதை பதறவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஜாம்பியாக்கிவிட்டார்களே என்றுதான் மீதிப் படம் முழுக்கப் பதறுகிறது.

1968ல் ஜார்ஜ் ரொமேரோ வந்தார். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', குறைந்த பணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இவர்தான் செத்தவர்களைத் தின்கிறவர்களாக மாற்றியவர். நாயகன் பென், நடித்தவர் டுவேன் ஜோன்ஸ், கறுப்பினத்தவர். அந்த வீட்டில் அறிவோடு நடந்துகொள்கிற ஒரே ஆள். ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடித்து, விடிந்ததும் ஜன்னல் பக்கம் வருகிறார். ஜாம்பி வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரக் கும்பல் அவரையும் ஜாம்பி என்று நினைத்து நெற்றியில் சுடுகிறது. பிறகு கொக்கி மாட்டி இழுத்து எரிப்பதைப் புகைப்படங்களாகக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து கொன்று, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துத் தபால் அட்டையாக விற்ற வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தப் படங்கள் என்னவென்று தெரியும். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது அதே வருஷம் ஏப்ரலில், படம் அக்டோபரில்.

ரொமேரோவை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் படத்தில் ஒன்று காணாமல் போனது. ஆண்டை. ஹெய்திக் கதையில் ஜாம்பிக்குப் பின்னால் ஒருத்தன் நின்று கூலி வாங்குவான். ரொமேரோவிலிருந்து ஜாம்பிகள் தானாகக் கிளம்பி வருகிற கூட்டமாகிவிட்டார்கள். எழுப்பியவன் யார் என்கிற கேள்வி போய், கூட்டத்தை எப்படிச் சுடுவது என்கிற கேள்வி வந்துவிட்டது. ரொமேரோ கையில் அதற்கு அர்த்தம் இருந்தது. அவருக்குப் பிறகு வந்தவர்கள் கையில் அது வெறும் துப்பாக்கிப் பயிற்சி.

இப்போது நம் தொடர். 2003 அக்டோபரில் காமிக்ஸாகத் தொடங்கியது. எழுதியவர் ராபர்ட் கிர்க்மன். முதல் 6 இதழ்களுக்குப் படம் டோனி மூர், பிறகு கடைசி வரை சார்லி ஆட்லார்ட். 2010 அக்டோபர் 31 அன்று டிவிக்கு வந்தது. நாயகன் போலீஸ்காரன். (தமிழில் 2016ல் 'மிருதன்' எடுத்தபோதும் போக்குவரத்துப் போலீஸ்காரரைத்தான் நாயகனாக்கினார்கள். உலகம் முடிகிற நேரத்திலும் லத்தி யார் கையில் இருக்கணும் என்பதில் எல்லாருக்கும் ஒத்த கருத்து.) கதை தொடங்குவது அட்லாண்டாவில். கிங் பிறந்த ஊர். 2010ல் அந்த நகர மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். தொடரில் அந்த நகரத்திலிருந்து தப்பித்த கூட்டத்தில் பேர் சொல்லும்படி வருகிற கறுப்பின ஆண் ஒருத்தன், டி-டாக். காமிக்ஸில் இல்லாத, டிவிக்காகச் சேர்த்த பாத்திரம்.

டி-டாக்கை இனவெறிச் சொல்லால் திட்டி, அடித்து, மிதிக்கிறான் மெர்ல் என்கிற வெள்ளையன். ரிக் வந்து மெர்லுக்கு விலங்கு மாட்டி, இனிமேல் அந்தப் பேதமெல்லாம் கிடையாது, நாமும் செத்தவர்களும்தான் என்கிற மாதிரி ஒரு பிரசங்கம் செய்கிறான். நாங்கள் கட்டிலில் கை தட்டினோம். இருபது வயசு. பேதம் ஒழிந்தது என்று போலீஸ்காரன் சொன்னால் ஒழிந்துவிடும் என்று நம்புகிற வயசு. இரண்டாவது சீசனில் டி-டாக் காய்ச்சலில் கிடந்து, இந்தக் கூட்டத்தில் தான் ஒருவன்தான் கறுப்பன், தன் நிலைமை என்னவென்று புரிகிறதா என்று ஒரு கிழவரிடம் கேட்கிறான். அந்தத் தொடரிலேயே நேர்மையான கேள்வி அது. கதை அதைக் காய்ச்சல் உளறல் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது.

பிறகு நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன். 2012ல் மூன்றாவது சீசனின் நாலாவது எபிசோடில் டி-டாக் சாகிறான். அதே எபிசோடில் ஆஸ்கர் என்கிற கறுப்பினக் கைதி கூட்டத்துக்கு வேண்டியவனாகிறான். எட்டாவது எபிசோடில் ஆஸ்கர் சாகிறான். அதே எபிசோடில் டைரீஸ் வருகிறான். நாலாவது சீசனில் பாப். ஐந்தாவது சீசனின் தொடக்கத்தில் பாதிரியார் கேப்ரியல் வருகிறார், அடுத்த எபிசோடில் பாப் காலி. 2015 பிப்ரவரியில் டைரீஸ், மார்ச்சில் நோவா. எங்கள் கிளையில் கவுண்டருக்கு டோக்கன் கொடுப்போம். முந்தின நம்பர் எழுந்துபோனால்தான் அடுத்த நம்பர் உட்காரலாம். அதேதான். அமெரிக்காவிலேயே பார்வையாளர்கள் இதைக் கண்டுபிடித்துக் கேலி செய்தார்கள். கேலி செய்தார்களே ஒழியப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 2014 அக்டோபரில் ஐந்தாவது சீசன் தொடங்கியபோது ஒரு கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். நானும்தான்.

மிஷோனைச் சொல்லாமல் விட்டால் அது அயோக்கியத்தனம். கறுப்பினப் பெண், கையில் வாள், தனாய் குரீரா நடித்தார். அவர் வருகிற முதல் காட்சியில் பின்னால் இரண்டு செத்தவர்கள், கையும் கீழ்த்தாடையும் வெட்டப்பட்டு, கழுத்தில் சங்கிலியோடு. ஒரு கறுப்பினப் பெண் சங்கிலியைப் பிடித்து நடத்திப் போகிறாள்! முந்நூறு வருஷம் புரண்டு படுக்கிற மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில் அது வாசனை மறைப்பதற்கான தந்திரம், ஒருவன் அவளுடைய பழைய காதலன், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார்கள். ஹெய்தியை வாசல் வரை கூட்டி வந்து, யாரென்றே தெரியாமல் அனுப்பிவிட்டார்கள்.

சிறைச்சாலைக் கதைதான் என்னை ரொம்ப உறுத்தியது. மூன்றாவது சீசன். ரிக் கூட்டம் ஒரு சிறையைப் பிடிக்கிறது. சுற்றுச் சுவர், கம்பி, செத்தவர்கள் உள்ளே வர முடியாது, இதுதான் வீடு. உள்ளே உணவுக் கூடத்தில் ஐந்து கைதிகள் மாசக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறார்கள். உலகம் முடிந்தது அவர்களுக்குத் தெரியாது. இது எங்கள் இடம் என்கிறார்கள். நாங்கள் ரத்தம் சிந்திச் சுத்தம் பண்ணினோம், எங்கள் இடம் என்கிறான் ரிக். இந்த வாதத்தை நாம எங்கேயோ கேட்டிருக்கோம் இல்லையா? அவர்களுக்கு வேறு கட்டடம், இந்தப் பக்கம் வரக் கூடாது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், அதுவும் ஜெயிலுக்குள்ளே. அமெரிக்காவில் அந்த வருஷம் சிறைகளில் இருந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். மக்கள்தொகையில் 13 சதவீதம் இருக்கிற கறுப்பினத்தவர், கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்த நாட்டில், சிறைச்சாலையைப் போலீஸ்காரனுக்குக் கனவு இல்லமாகவும், அதற்கு இடைஞ்சலாகக் கைதிகளையும் வைத்து ஒரு கதை. அந்த ஐந்து பேரில் கடைசி வரை மிஞ்சினவன் ஒருத்தனும் இல்லை.

இவ்வளவும் தெரிந்தும் நான் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லணும். கோபத்தோடு பார்த்தேன். கோபமும் ஒரு ருசிதான் தோழர்களே. திட்டுவதற்காகவே பார்க்கலாம், வருஷக்கணக்காகப் பார்க்கலாம்.

நின்றது 2016 அக்டோபரில். ஆறாவது சீசன் ஏப்ரலில் முடியும்போது, நீகன் என்கிறவன் முள்கம்பி சுற்றிய மட்டையோடு வரிசையாக மண்டியிட்டவர்கள் முன்னால் நடந்து, ஒருவரை அடிக்கிறான். யாரை என்று காட்டவில்லை. ஆறு மாசம் காத்திருங்கள் என்றார்கள். செத்தது யார் என்பதை வியாபாரப் புதிராக்கி ஆறு மாசம் தொங்கவிட்டார்கள். ஏழாவது சீசன் முதல் எபிசோடில் தெரிந்தது, ஆப்ரகாம், அவருக்குப் பிறகு க்ளென். கொரிய வம்சாவளிப் பையன், பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன், முதல் நாளிலிருந்து ரிக்கைக் காப்பாற்றியவன். அதற்கு முந்தின வருஷம்தான் க்ளென் செத்த மாதிரிக் காட்டி, சாகவில்லை என்று பொய்ச் சாவு விளையாட்டு ஆடியிருந்தார்கள். காமிக்ஸ் படித்தவர்களுக்கு 2012லேயே, 100வது இதழிலேயே தெரியும், இவன் இப்படித்தான் சாவான் என்று.

நான் பார்த்தேன். கண் பிதுங்கி அவன் மனைவி பெயரைச் சொல்ல முயன்றான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கிளையில் ஆடிட் இருந்தது, அது ஞாபகம் வந்தது. விடுதியில் கூடப் பார்த்த நண்பன், இப்போது வேறு ஊரில் வாத்தியார், அவனிடமிருந்து செய்தி வந்தது. "யார் செத்தா?" அவ்வளவுதான். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. யார் செத்தா. நான் இரண்டு பெயரை அனுப்பினேன். "நான் மிஷோன்னு நெனச்சேன்" என்று பதில் போட்டான். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவுக் குமிழ் திரும்பியபோது ஆறு பேரும் மூச்சை அடக்கியிருந்தோமே, அந்த ஆட்கள் எங்கே போனார்கள்? ஆறு வருஷத்தில் எங்களையும் ஏதோ செய்துவிட்டார்கள். உப்பில்லாமல் ஊட்டியிருக்கிறார்கள்.

யோசித்தால் விஷயம் எளிது. ஒரு இடம் கிடைக்கும், பண்ணையோ, சிறையோ, மதில் போட்ட ஊரோ. பத்து எபிசோட் நிம்மதி. பிறகு வெளியிலிருந்து ஒரு கொடியவன். வேலி சாயும், நாலு பேர் சாவார்கள், மறுபடி நடை. எந்த இடத்திலும் புதிதாக ஒரு வாழ்க்கை அமைந்துவிடக் கூடாது, அமைந்தால் தொடர் முடிந்துவிடும். விளம்பரக்காரனுக்கு உலகம் அழிந்துகொண்டே இருக்கணும், முழுசா அழியவும் கூடாது. ரிக்காக நடித்தவர் 2018ல் விலகினார், அப்போதும் தொடர் நின்றபாடில்லை. 2022 நவம்பரில் 177வது எபிசோடோடு முடித்தபோது அன்றைக்குப் பார்த்தவர்கள் 20 லட்சத்துச் சொச்சம். அப்புறமும் கிளைத் தொடர்கள் முளைத்தன. செத்தும் நடப்பதென்றால் என்ன என்பதைக் கதைக்கு வெளியேதான் நன்றாகக் காட்டினார்கள்.

காமிக்ஸ்காரரை இதில் பாராட்டணும். கிர்க்மன் 2019 ஜூலையில் 193வது இதழோடு, முன்னறிவிப்பே இல்லாமல் முடித்தார். அடுத்த இதழ்களுக்குப் பொய் அட்டைகள் கூட அறிவித்து வைத்திருந்தார், யாருக்கும் தெரியக் கூடாதென்று. நன்றாக விற்றுக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

அந்தக் கடைசிப் பகுதியில் காமன்வெல்த் என்று ஒரு ஊர் வருகிறது. 50,000 பேர். டிவியில் அது பதினோராவது சீசனில் வந்தது. ஒரு தோழர் பார்க்கச் சொல்லி வற்புறுத்தியதால் அந்தப் பகுதியை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், 84ல் சேர்க்க முடியாது. அந்த ஊருக்குள் நுழைகிறவரை உட்கார வைத்துக் கேட்கிறார்கள்: உலகம் அழிவதற்கு முன்னால் நீ என்ன வேலை பார்த்தாய்? வக்கீலாக இருந்தாயா, நீ வக்கீல், உனக்கு நல்ல வீடு. கூட்டிப் பெருக்கினாயா, இந்தா துடைப்பம். பத்து வருஷமாகச் செத்தவர்களோடு மல்லுக்கட்டித் தப்பித்து வந்தவனிடம் பழைய பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். உலகமே அழிஞ்சாலும் இவனுங்க ரெஜிஸ்டர் அழியாது போலிருக்கு! ஒரு வாரம் பழைய ஆர்வம் வந்த மாதிரி இருந்தது. கடைசியில் கெட்ட ஆளுநர் அம்மாவைச் சிறையில் வைத்துவிட்டு, எசக்கியேல் என்கிற நல்ல கறுப்பினத்தவரை ஆளுநராக்கி முடித்துவிட்டார்கள். நாற்காலியில் ஆள் மாறினதைக் காட்டினார்கள். துடைப்பம் பிடித்திருந்தவன் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டவில்லை. நமக்கு இது புதுசா என்ன.

இனி நம்ம பக்கம். நான் இதுவரை எழுதிய கவிதைகளில் பாதிக்கு மேல் ஏதாவதொரு கொலையைப் பற்றி, எரிப்பைப் பற்றி. சென்ற வருஷம் ஒரு கூட்டத்தில் ஒன்றைப் படித்தேன். முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "அண்ணே, இது போன தடவை படிச்சதுதானே?" என்றாள். இல்லம்மா, இது புதுசு, அது வேற ஊரு, வேற ஆளு என்றேன். அவள் ரொம்ப சங்கடப்பட்டாள். எனக்குத்தான் அடி விழுந்தது. வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஊர்ப் பெயரை மாற்றினால் ஒன்று மற்றொன்று. ரத்தம், தீ, எழுவோம். நானும் டோக்கன் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

கொடுமைகளை எழுத வேண்டாம் என்று நான் சொல்வதாக நாளைக்கு யாரும் கிளப்பிவிடாதீர்கள். எழுதாமல் விட்டால் நடக்கவே இல்லை என்று சாதிப்பார்கள். உண்மை அறியும் குழு அறிக்கைகள் வேண்டும், வழக்கு எண் வேண்டும், தேதி வேண்டும். கவிதையும் அதே வேலையைச் செய்தால் போதுமா என்பது என் சங்கடம். மேல்சாதி வாசகர் ஒருவர் நம் பத்திரிகையை வாங்கிப் புரட்டி, 'இந்த மாசம் யார்?' என்று பார்க்கிறார் என்று வையுங்கள். அவரைத் திட்டலாம். அவரை விடுங்கள், நம் பிள்ளைகளே அப்படிப் புரட்ட ஆரம்பித்தால்?

டி-டாக்கிடம் திரும்பிப் போகிறேன். இரண்டு சீசனுக்கு மேல் கூடவே இருந்தவன். அவனுக்கு அம்மா இருந்தாளா, என்ன பாட்டுப் பிடிக்கும், எதற்குச் சிரிப்பான், எதுவும் தெரியாது. செத்த பிறகு அடுத்த எபிசோடில் க்ளென் சொல்கிறான்: எல்லாம் தொடங்கியபோது டி-டாக் தன் சர்ச் வேனை எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வயசானவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், யாருக்காவது வண்டி தேவைப்படுமா என்று பார்த்தான் என்று. அவ்வளவுதான். குழி வெட்டிய பிறகு ஒரு தகவல். உலகம் முடிகிற அன்றைக்கு அட்லாண்டா தெருக்களில் ஒரு கறுப்பின இளைஞன் கிழவன் கிழவிகளைத் தேடி வேன் ஓட்டிப் போனான்! அதை எடுத்திருந்தால் நான் 177ஐயும் பார்த்திருப்பேன். அதை எடுக்கத் தோன்றவில்லை. அவன் எப்படிச் செத்தான் என்பதை மட்டும் சதை பிய்கிற சத்தத்தோடு எடுத்தார்கள்.

அந்த மாணவி சொன்ன கவிதையை நான் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தக் கவிதையில் இருந்தவருடைய ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் அக்காதான் பேசினார். தம்பி மேளம் அடிப்பான், பந்தல் போடுவான், எல்லாக் கல்யாணத்திலும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவான், பாயசம் மிச்சமிருக்கும் என்று, என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு அழுதார். நான் எழுதியிருந்த கவிதையில் அவர் 'எரிந்த உடல்' என்று மட்டும் இருந்தார். அக்கா அதைப் படித்திருக்கிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பாயசத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று தம்பி மணியைப் பார்க்கிறார். பென்டிரைவில் ஏழாவது சீசன் மீதி அப்படியே கிடக்கிறது. அழிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள் தோழர்களே. அந்த மாணவி வந்திருந்தால் முதலில் அவர் கேட்கட்டும்.